அப்பாவின் மூன்று அடைப்புகள்: மாத்திரையா, ஸ்டென்ட்டா, பைபாஸா?

"மூணு குழாயிலயும் அடைப்பு இருக்கும்மா. இப்பவே ரெண்டுக்கு ஸ்டென்ட் வெச்சுடலாம். சம்மதமா? சீக்கிரம் சொல்லுங்க, அப்பா டேபிள்ல இருக்காங்க."

ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத் லேப்பின் கதவைப் பாதி திறந்து நின்றபடி இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார். கையில் சம்மதப் படிவம். தம்பி என்னைப் பார்த்தான், நான் அம்மாவைப் பார்த்தேன். "டாக்டர் சொன்னா சரிதானே" என்றாள் அம்மா. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வாயில் வந்தது. "இன்னிக்கே வைக்கலைன்னா ஆபத்தா சார்?" அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லை. மாத்திரையில கொஞ்ச நாள் சமாளிக்கலாம்" என்றார். அந்த நேர்மையான பதிலுக்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அப்பாவை ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்தபடி தாங்கும் சின்ன உலோக வலை) வைக்காமலே வெளியே கொண்டுவரச் சொன்னோம்.

அடுத்த பதினோரு நாளில் நாங்கள் கேட்டதையும் படித்ததையும் எடைபோட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல, பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், மருத்துவர் பேசும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். அதற்காகத்தான் இது.

அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை வந்து பதினெட்டு வருடம். மன்னார்குடியில் அரிசிக் கடை. சைக்கிளில் பாலம் ஏறும்போது நெஞ்சை அழுத்துகிறது, இறங்கி நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தோம். நடந்தால் வருவது, நின்றால் போவது என்ற அந்த ஒழுங்கே இதயத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. வாயு, பாலம் ஏறும்போது மட்டும் வராது.

அவசரமா, அவகாசம் உண்டா?

மாத்திரையா ஸ்டென்ட்டா என்று கேட்பதற்கு முன்னால் பிரிய வேண்டிய பாதை இது. ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அழுத்தி, வியர்த்துக் கொட்டி, வலி இருபது நிமிடம் ஆகியும் விடவில்லை என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். அங்கே ஒப்பீடு எதுவும் கிடையாது. 108-ஐக் கூப்பிட்டு, கேத் லேப் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். ரத்தக்கட்டி ஒரு குழாயை முழுதாக அடைத்துவிட்ட அந்த நேரத்தில், உடனே பலூன் வைத்துத் திறந்து ஸ்டென்ட் பொருத்துவதுதான் உயிரையும் இதயத் தசையையும் காப்பாற்றும். அதில் கையெழுத்துப் போடத் தயங்கக் கூடாது.

கேத் லேப் இரண்டு மணி நேரத்துக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பக்கத்து மருத்துவமனையிலேயே கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, 3 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனைக்கு மாற்றி ஆஞ்சியோ (இதயக் குழாய்களில் சாயம் விட்டு எடுக்கும் படம்) செய்வது. இரண்டாந்தரச் சிகிச்சை என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. தமிழ்நாட்டிலேயே சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து இந்த முறையை நடத்திப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு வருட இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டமும் 2023 முதல் இருக்கிறது. டெல்டாவில் கடைசிக் கிராமத்தில் இருப்பவருக்கு இவை பெரிய விஷயம்.

இங்கே பெண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் அத்தைக்கு நெஞ்சுவலியே வரவில்லை. முதுகும் தாடையும் வலித்தன, மூச்சு வாங்கியது, ஒரே அசதி. ஒரு கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்து "நார்மல்" என்று வாயு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் விடியற்காலை மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தின் பம்பிங் பாதியாகிவிட்டது. ஒரு இ.சி.ஜி. நன்றாக இருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. சந்தேகம் இருந்தால் சிறிது இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். இதயத் தசை சிதைந்தால்தான் அது ரத்தத்தில் ஏறும், ஏறுவதற்கு நேரம் எடுக்கும்.

அப்பாவுடையது மாரடைப்பு அல்ல. உழைக்கும்போது மட்டும் வந்து, ஓய்வெடுத்தால் போகும் வலி. மருத்துவர்கள் இதை நிலையான நோய் என்கிறார்கள். ஆகவே எங்களுக்கு அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தைத்தான் கேத் லேப் வாசலில் கிட்டத்தட்ட இழக்கப் பார்த்தோம்.

எந்தப் பரிசோதனை?

இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வலி இல்லை, செலவு குறைவு, எல்லோருக்கும் எடுப்பார்கள். பம்பிங் எவ்வளவு, வால்வு எப்படி என்று காட்டும். குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று நேராகக் காட்டாது. அப்பாவுக்குப் பம்பிங் 52 சதவீதம் என்று வந்ததும் "ஹார்ட் நல்லா இருக்கு" என்று வீடே நிம்மதியானது. அந்த நிம்மதி தவறு.

அடுத்துள்ள மூன்றில்தான் தேர்வு வருகிறது. டிரெட்மில் சோதனை மலிவு, எங்கும் கிடைக்கும். நடக்கும்போது வலி வருகிறதா, எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்று தெரியும். ஆனால் முட்டிவலிக்காரரால் ஓட முடியாது, பெண்களிடம் தவறான முடிவு அதிகம் வரும், ஒரே ஒரு குழாயில் மட்டும் உள்ள அடைப்பைத் தவறவிடவும் செய்யும். சி.டி. ஆஞ்சியோவில் கை நரம்பில் சாயம் ஏற்றிப் படம் எடுப்பார்கள். அடைப்பு இல்லை என்று அது சொன்னால் பெரும்பாலும் நம்பலாம், அதுதான் அதன் பலம். வயதானவர்களுக்கும் நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்கும் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கும். அது படத்தில் பெரிதாகப் பூத்துத் தெரிவதால், சின்ன அடைப்பும் பெரிய அடைப்பாகத் தோன்றலாம். மூன்றாவது, மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் வழக்கமான ஆஞ்சியோ. தெளிவு இதில்தான் அதிகம், சிறிதளவு ஆபத்தும் இதில்தான்.

நெஞ்சுவலி இருக்கிறது, இதயமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்ற நடுநிலையில் இருப்பவர்களுக்கு நான் சி.டி.யைத்தான் சொல்வேன். ஐரோப்பாவில் அப்படிப்பட்ட 3,561 பேரை இரண்டாகப் பிரித்து சி.டி.யையும் வழக்கமான ஆஞ்சியோவையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. பின்னாளில் மாரடைப்போ பக்கவாதமோ வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பரிசோதனையாலும் அதைத் தொடர்ந்த சிகிச்சையாலும் நேர்ந்த பெரிய சிக்கல்கள் மட்டும் சி.டி. வழியில் போனவர்களுக்கு 0.5 சதவீதம், நேராக ஆஞ்சியோவுக்குப் போனவர்களுக்கு 1.9 சதவீதம். அப்பா விஷயம் வேறு. அறிகுறி தெளிவு, டிரெட்மில்லில் மூன்றாவது நிமிடமே இ.சி.ஜி. கோடு இறங்கிவிட்டது. நேராக ஆஞ்சியோ போனது சரிதான். எதில் போனாலும் சாயம் உண்டு என்பதால் சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் அளவை முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை நிறுத்த வேண்டுமா என்றும் கேளுங்கள்.

மாத்திரை மட்டும் போதுமா?

அடைப்பு என்று காதில் விழுந்ததும், அதை எடுத்துவிட வேண்டும் என்றுதான் மனம் ஓடும். சமையலறைக் குழாய் அடைத்தால் குத்தி விடுகிறோமே, அதுபோல. இதயத்தில் நடப்பது அது இல்லை என்று எனக்குப் புரியவே நாலு நாள் ஆனது. மாரடைப்பு பெரும்பாலும் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்துபோவதால் வருகிறது. வெடிக்கும் படிவு, படத்தில் 80 சதவீதம் என்று பயமுறுத்துகிற அதே இடமாக இருக்க வேண்டியதில்லை. 40 சதவீதம் இருந்த இடம் வெடிக்கலாம். ஸ்டென்ட் ஓர் இடத்தைச் சரிசெய்யும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எல்லா இடத்திலும் படிவை இறுக்கி, வெடிக்காமல் காக்கும்.

இதை உலக அளவில் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வு 'இஸ்கீமியா'. இந்தியா உட்பட 37 நாடுகளில், நிலையான இதயநோய் உள்ள 5,179 பேர். ஒரு பாதிக்கு நல்ல மருந்துகளோடு ஆஞ்சியோவும் ஸ்டென்ட் அல்லது பைபாஸும், மறுபாதிக்கு முதலில் மருந்து மட்டும். 2020-இல் வந்த முடிவில், ஐந்து வருடத்தில் மாரடைப்பு, இதய இறப்பு போன்றவை நேர்ந்தவர்கள் முதல் பாதியில் 16.4 சதவீதம், இரண்டாம் பாதியில் 18.2. புள்ளியியலின்படி வித்தியாசமே இல்லை. வலியில் வித்தியாசம் இருந்தது. தினமுமோ வாரந்தோறுமோ வலி வந்தவர்களில், ஒரு வருடம் கழித்து வலியே இல்லாதவர்கள் முதல் பாதியில் சுமார் 50 சதவீதம், இரண்டாம் பாதியில் சுமார் 20.

ஆக, அடைப்பு இருக்கிறது, வலி அரிதாக வருகிறது, பம்பிங் நன்றாக இருக்கிறது என்றால் மாத்திரையோடு இருப்பது கோழைத்தனம் அல்ல, அது முழுமையான சிகிச்சை. ஆனால் இந்த ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இடது பிரதானக் குழாயில் பாதிக்கு மேல் அடைப்பு உள்ளவர்கள், பம்பிங் 35-க்குக் கீழே போனவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் அதில் இல்லை. இவர்களில் ஒருவரிடம் போய் "மாத்திரையே போதும்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

மாத்திரை வழிக்கு ஒழுக்கம் வேண்டும். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 55-க்குக் கீழே வர வேண்டும் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். அப்பாவுக்கு அப்போது 118. மாத்திரை தீர்ந்ததும் "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிற பழக்கம் உள்ளவருக்கு இந்த வழி பலிக்காது.

தூர் வாருவதா, புது வாய்க்கால் வெட்டுவதா?

அப்பாவுக்கு மூன்று குழாய். அதில் ஒன்று முன்பக்கம் இறங்கும் பெரிய குழாயின் தொடக்கத்திலேயே. மருத்துவர்கள் அதை எல்.ஏ.டி. என்கிறார்கள். இதயத் தசையின் பெரும் பகுதிக்கு அதுதான் பாசனம். மாத்திரை மட்டும் என்ற வழி இங்கே பலவீனப்பட்டது. எஞ்சியது ஸ்டென்ட்டா பைபாஸா என்பது.

இங்கேதான் நாங்கள் முதல் நாள் செய்யாத ஒன்றைச் செய்தோம். ஆஞ்சியோ பதிந்த வட்டை வாங்கிக்கொண்டு, வேறொரு மருத்துவமனையில் இதய அறுவை நிபுணர் ஒருவரையும் பார்த்தோம். ஸ்டென்ட் வைப்பவர் கார்டியாலஜிஸ்ட், பைபாஸ் செய்பவர் சர்ஜன், இருவரும் வேறு வேறு துறை. ஒருவரை மட்டும் பார்த்தால் ஒரு பக்கத்தை மட்டும்தான் கேட்கிறோம். இந்த மாதிரி நோயில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. நல்ல இதயநோய்த் துறையை அடையாளம் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. "சர்ஜன் கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரோம்" என்று சொன்னால் அவர்களே அனுப்பி வைப்பார்கள்.

சர்ஜன் அப்பாவிடம் டெல்டாக்காரருக்குப் புரிகிற மொழியில் சொன்னார். "ஐயா, ஸ்டென்ட்டுங்கறது வாய்க்கால்ல அடைச்ச இடத்தைத் தூர் வாருறது. பைபாஸ்ங்கறது தலைமடையிலேர்ந்து தனியா ஒரு வாய்க்கால் வெட்டி, அடைப்பைத் தாண்டி கீழ கொண்டுபோய் விடுறது. நாளைக்கு நடுவுல இன்னொரு இடத்துல மண்ணு மேடானாலும் கடைமடைக்குத் தண்ணி போகும்." அப்பா தலையாட்டினார். எனக்கும் அப்போதுதான் புள்ளி விவரங்களின் காரணம் விளங்கியது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அடைப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை, குழாய் நெடுகப் படியும். அதனால்தான் அவர்களுக்கு பைபாஸ் ஒரு படி மேலே நிற்கிறது.

எவ்வளவு மேலே? சர்க்கரையும் பல குழாய் அடைப்பும் சேர்ந்த 1,900 பேரை எடுத்துக்கொண்ட 'ஃப்ரீடம்' ஆய்வு 2012-இல் வந்தது. ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். ஆனால் அடுத்த எண்ணையும் அதே தாளில் எழுதினேன், மறைக்க மனம் வரவில்லை. பக்கவாதம் ஸ்டென்ட் பக்கம் 2.4 சதவீதம், பைபாஸ் பக்கம் 5.2. அம்மா அந்த இரண்டாவது வரியைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடைப்புகள் எவ்வளவு சிக்கலானவை என்பதை 'சின்டாக்ஸ்' மதிப்பெண்ணாகவும் போடுவார்கள். 22 வரை எளியது, 33-உம் அதற்கு மேலும் கடினம். அப்பாவுக்கு 29. சர்க்கரை இல்லாதவருக்கு 22-க்குக் கீழே வந்தால் ஸ்டென்ட்டும் பைபாஸுக்கு இணையாக நிற்கும். உங்கள் மருத்துவர் இதைச் சொல்லவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அடைப்பு எத்தனை சதவீதம் என்பதைவிட இது அதிகம் சொல்லும். நடுத்தர அடைப்பு என்றால் எஃப்.எஃப்.ஆர். பார்த்தார்களா என்றும் கேளுங்கள். குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, அடைப்புக்கு முன்னால் உள்ள அழுத்தத்தில் எத்தனை பங்கு அடைப்பைத் தாண்டியும் இருக்கிறது என்று அளப்பது அது. 0.80-க்கு மேல் இருந்தால் அந்த அடைப்பைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை.

ஸ்டென்ட்டின் நன்மையையும் உள்ளபடி சொல்ல வேண்டும். இரண்டு நாளில் வீடு, ஒரு வாரத்தில் வேலை. நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டு மாமாவுக்கு 79 வயது, நாற்பது வருடப் புகையால் கெட்ட நுரையீரல், முன்பே ஒருமுறை பக்கவாதம். அவருக்கும் மூன்று அடைப்புதான். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்கு அதுதான் சரி. மயக்க மருந்தையே அவர் உடம்பு தாங்கியிருக்காது. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைக் குறைந்தது ஆறு மாதம், மாரடைப்புக்குப் பிறகு என்றால் ஒரு வருடம் விடாமல் சாப்பிட வேண்டும். பல் பிடுங்கப் போகிறேன் என்று தானாக நிறுத்திவிட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். கண்புரையோ மூட்டோ வேறு அறுவையோ பக்கத்தில் இருக்கிறது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், தேர்வே மாறக்கூடும்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் உச்ச விலை வைத்தது. அதற்கு முன் ஒரு ஸ்டென்ட்டுக்கே லட்சத்துக்கு மேல் கொடுத்த குடும்பங்கள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஸ்டென்ட்டும் பைபாஸும் இரண்டும் அதில் வரும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கூட்டமும் காத்திருப்பும் அதிகம். ஆனால் நாளுக்கு எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த கை அங்கே இருக்கிறது. நிலையான நோயில் சில வாரம் காத்திருக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு, முடியும் என்றால் பயப்படாமல் போகலாம். கடன் வாங்கித்தான் நல்ல சிகிச்சை என்ற எண்ணத்தை நான் விட்டுவிட்டேன்.

அப்பா பைபாஸ் செய்துகொண்டார். முடிவை அவரேதான் எடுத்தார். "ஒரு தடவை வெட்டினா பதினஞ்சு வருஷம் ஓடட்டும்" என்றார். நெஞ்சுச் சுவரின் உள்பக்கத் தமனியை எல்.ஏ.டி.யில் இணைத்தார்கள். மூன்றில் நெடுங்காலம் உழைப்பது அதுதான், பத்து வருடம் கழித்தும் பெரும்பாலானவர்களுக்குத் திறந்தே இருக்கும். மற்ற இரண்டுக்குக் காலிலிருந்து எடுத்த சிரை. அது அவ்வளவு காலம் தாங்காது, இப்படி வைக்கும் சிரைகளில் பாதிவரை பத்து வருடத்தில் அடைத்துப்போகும் என்று சர்ஜன் முன்பே சொல்லிவிட்டார். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

யாரும் எங்களுக்குச் சொல்லாதது அதற்குப் பிறகு வந்தது. இருமினால் உயிர் போகும் வலி, ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார் பிசியோதெரபிஸ்ட். சர்க்கரையால் கால் காயம் ஆற ஐந்து வாரம் ஆனது. நெஞ்செலும்பு சேரும் வரை இரண்டு மாதம் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க விடவில்லை. மூன்றாவது வாரத்தில் காரணமே இல்லாமல் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பைபாஸுக்குப் பிறகு பலருக்கு மனச்சோர்வு வரும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஸ்டென்ட்டா பைபாஸா என்று எடைபோடும்போது, வீட்டில் இரண்டு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதையும் தராசில் வையுங்கள். எங்களுக்கு அம்மாவும் தம்பி மனைவியும் இருந்தார்கள்.

இப்போது ஒரு நெகிழிக் கோப்பில் ஆஞ்சியோ வட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, கடைசி எக்கோ, மாத்திரைச் சீட்டு எல்லாம் இருக்கின்றன. எந்தத் தமனி எங்கே தைக்கப்பட்டது என்பது அந்த அறுவைக் குறிப்பில்தான் இருக்கிறது. நாளைக்கு எந்த ஊரில் எந்த மருத்துவர் அப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்தாலும் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். கோப்பு சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, தம்பிக்கும் அம்மாவுக்கும் இடம் தெரியும்.